குண்டும் பருமனும்: ஃபெர்னாண்டோ போட்டேரோவின் ஓவியங்களில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

1. ஒரு சொல்லின் போதாமை

ஃபெர்னாண்டோ போட்டேரோவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும் சொல் ‘குண்டு’. குண்டு மனிதர்களை வரைந்தவர், குண்டுப் பூனையை வெண்கலத்தில் வார்த்தவர், மோனலிசாவைக் குண்டாக்கியவர். 2023 செப்டம்பர் 15 அன்று, தமது 91ஆம் வயதில் அவர் மொனாக்கோவில் காலமானபோது வந்த செய்திகளிலும் இந்தச் சொல்லே பல மொழிகளில் சுற்றிவந்தது. சொல் பொய்யில்லை. அவர் தீட்டிய ஆணும் பெண்ணும் குதிரையும் ஆரஞ்சும் கிதாரும் புடைத்துத்தான் இருக்கின்றன. ஆனால் ஓவியரோ, தாம் குண்டானவர்களை வரைவதே இல்லை என்று வாழ்நாள் முழுக்க மறுத்துவந்தார். வடிவத்தின் பருமனைத்தான் வரைகிறேன், கண்ணால் தொட்டு உணரக்கூடிய கனத்தைத்தான் வரைகிறேன் என்றார்.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் உடல் பெருத்திருப்பதையும் ‘பருமன்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். பார்வையாளர் ஒரு பொருளைக் கொள்கிறார். ஓவியர் மற்றொன்றைச் சொல்கிறார். இருவருமே ஏதோ ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். வெறும் உடற்பருமனே சிரிப்புக்குக் காரணம் என்றால், பருத்த ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தும் ஏன் புன்னகை வருகிறது? வடிவத்தின் கனம் மட்டுமே அவர் நோக்கம் என்றால், தளபதியின் தலையைச் சுற்றி எதற்கு ஈ? நடனமாடும் தம்பதியரின் காலடியில் எதற்கு அணைந்த சிகரெட் துண்டு?

போட்டேரோவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மூன்று போக்குகளைக் காணலாம். லத்தீன் அமெரிக்க ஆளும் வர்க்கத்தையும் திருச்சபையையும் இராணுவத்தையும் பகடி செய்த அங்கதக்காரர் என்பது முதலாவது. இத்தாலிய மறுமலர்ச்சி மரபின் தாமதமான வாரிசு, உருவவாதி என்பது இரண்டாவது. அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும் இதுவே. ஒரே சூத்திரத்தை அறுபது ஆண்டுகள் விற்றவர் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் அவரது நகைச்சுவையையும் தொழில்நுட்பத்தையும் வேறு வேறு அறைகளில் வைத்துவிடுகின்றன. அவை ஒரே செயல் என்பதே இக்கட்டுரையின் வாதம். மறுமலர்ச்சி ஓவியத்திலிருந்து அவர் கற்ற அளவும் அமைதியும்தான் அவரிடம் சிரிப்பாக மாறுகின்றன. அதே அளவுதான் வேறிடத்தில் துயரத்தையும் தாங்குகிறது.

2. மாண்டலினின் துளை

1956. மெக்சிகோ நகரம். 24 வயது போட்டேரோ ஒரு மாண்டலினை வரைந்துகொண்டிருக்கிறார். உடற்பகுதியை அகலமான கோடுகளில் போட்டு முடித்த பிறகு, நடுவே ஒலித்துளையை வைக்க வேண்டிய இடத்தில், வழக்கமான அளவுக்கு மிகச் சிறிதாக ஒரு துளையை வைத்துவிடுகிறார். அடுத்த கணம் மாண்டலின் உப்பிப் பெருத்து நிற்கிறது. வெளிக்கோடு ஒரு மயிரிழையும் நகரவில்லை. பொருள் மட்டும் பன்மடங்கு பெரிதாகிவிட்டது. பிற்காலத்தில் எத்தனையோ நேர்காணல்களில் அவர் இந்தக் கதையைச் சொன்னார். ‘மாண்டலினுடன் கூடிய அசைவிலாப் பொருள்கள்’ என்ற அந்த ஆண்டின் ஓவியம் அதற்குச் சாட்சியாக இருக்கிறது.

கலைஞர்கள் சொல்லும் தோற்றக் கதைகளைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்ப்பது நல்லது. மெக்சிகோவுக்கு முன்பே, ஃபிளாரன்ஸில் அவர் தீட்டிய படங்களில் உருவங்கள் கனத்துத் திரளத் தொடங்கிவிட்டன. ஆகவே அது ஒரே நாளில் நடந்த பிறப்பு அல்ல. ஆனால் கதை சொல்லும் செய்முறை உண்மை. கையில் பென்சில் உள்ள யாரும் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு பூசணிக்காய் வடிவங்களைப் போட்டு, ஒன்றுக்குப் பெரிய காம்பும் மற்றொன்றுக்குக் கடுகளவு காம்பும் வையுங்கள். இரண்டாவது காய் தாளைவிட்டு வெளியே வந்துவிடும்.

அவரது மனித உருவங்களும் இப்படித்தான் ஊதுகின்றன. முகம் அகன்றது, அதில் கண்களும் மூக்கும் வாயும் நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் கூடிக்கொள்கின்றன. உடல் மதில்போல் நிற்கிறது; அதன் மேல் கைக்கடிகாரம், கழுத்துப்பட்டையின் முடிச்சு, விரல் நுனியில் தொங்கும் கைப்பை எல்லாம் சிட்டிகை அளவு. பெரியதைப் பெரிதாக்குவதைவிடச் சிறியதைச் சிறிதாக்குவதே இங்கு நடக்கும் வேலை. ஈயும் சிகரெட் துண்டும் ஆப்பிளிலிருந்து எட்டிப்பார்க்கும் புழுவும் மாண்டலின் துளையின் உறவினர்கள். அவை குறும்புக்காகப் பிறகு ஒட்டப்பட்டவை அல்ல. அவற்றை எடுத்துவிட்டால் படத்தின் பருமனே இறங்கிவிடும். நகைச்சுவையும் வடிவமும் ஒரே ஆணியில் தொங்குவதை இங்கேயே காணலாம்.

‘குண்டு’ என்ற சொல் ஏன் போதாது என்பதற்கு இன்னொரு சான்று தோல். லூசியன் ஃபிராய்ட் 1995இல் தீட்டிய, சாய்விருக்கையில் உறங்கும் பெண்ணின் ஓவியத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே சதைக்கு எடை உண்டு; அது மடிகிறது, தொங்குகிறது, இருக்கையை அழுத்துகிறது. வயது அதன்மேல் நடந்து போயிருக்கிறது. போட்டேரோவின் உடல்களில் தொய்வே இல்லை. பழுத்துத் தெறிக்கக் காத்திருக்கும் கனியின் தோல்போல இறுகியிருக்கின்றன. பக்கத்திலுள்ள குதிரையும் கிதாரும் மேசைமேல் உள்ள பேரிக்காயும் அதே விகிதத்தில் திரண்டிருப்பதால், அந்த உலகத்துக்குள் யாரும் குண்டில்லை. அவர்களை நம் உலகத்தின் அளவுகோலால் அளக்கும்போதுதான் அந்தப் பெயர் வருகிறது.

3. பியரோவின் மௌனம்

போட்டேரோ 1932 ஏப்ரல் 19 அன்று கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் பிறந்தார். தந்தை தாவீத், குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்றவர்; மகனுக்கு நான்கு வயதாகும்போது இறந்துபோனார். தாய் ஃப்ளோரா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ஒரு மாமா பையனைக் காளைப்போர் வீரனாக்கப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். பையன் காளைகளை வரைந்துகொண்டு திரும்பி வந்தான். அன்றைய மெடெயினில் ஐரோப்பிய ஓவியத்தின் மூலங்களைக் காண வழியில்லை. கண்ணுக்குக் கிடைத்தவை தேவாலயங்களில் இருந்த காலனிய பரோக் பாணிப் புனிதர்களும், புத்தகங்களில் அச்சான படங்களும். 1949இல் பிக்காசோவைப் பாராட்டி நாளிதழில் ஒரு கட்டுரை எழுதியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்.

1952இல் பொகோட்டாவின் தேசியக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு பெற்றார். அந்தக் காலத்தில்தான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மாட்ரிட்டின் சான் ஃபெர்னாண்டோ கழகத்தில் சேர்ந்தார். பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸையும் கோயாவையும் நகலெடுத்தார். அந்நகரில் ஒரு புத்தகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் திறந்துவைத்திருந்த நூலில் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் ஓவியத்தைக் கண்டார். அதன் இழுப்பில் 1953இல் ஃபிளாரன்ஸ் போனார். அங்கே ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டும் ஃபிரெஸ்கோ முறையைக் கற்றார். பியரோவை மீட்டெடுத்த அறிஞர்களில் முதன்மையானவரான ரொபெர்தோ லோங்கியின் விரிவுரைகளைக் கேட்டார். சிறந்த ஓவியம் தொடு உணர்வைக் கண்ணுக்குத் தர வேண்டும் என்று வாதிட்ட பெர்னார்ட் பெரென்சனின் நூல்களைப் படித்தார். இருபது வயதைத் தாண்டிய ஒருவர், நவீன ஓவியத்தின் கவனம் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு நகர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், 15ஆம் நூற்றாண்டின் சுவர்களுக்கு முன்னால் போய் நின்றார் என்பதை நான் துணிச்சலாகவே பார்க்கிறேன்.

பியரோவிடம் அவருக்குக் கிடைத்தது என்ன? பியரோ ஓவியர் மட்டுமல்லர். தூரக்காட்சி இலக்கணத்தைப் பற்றியும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களைப் பற்றியும் நூல் எழுதிய கணிதர். அவர் கையில் தலை முட்டையாகிறது, கழுத்து உருளையாகிறது, பாவாடை மணியாகிறது. இந்த வடிவக் கல்வியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது பியரோவின் முகங்கள். அரேத்ஸோ நகரத்தின் சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயச் சுவரில் பெரிய போர்க்காட்சி ஒன்று உண்டு. குதிரைகள் முட்டுகின்றன, வாள்கள் இறங்குகின்றன. முகங்களில் மட்டும் பதற்றமே இல்லை. வெட்டுபவனும் வெட்டுப்படுபவனும் ஒரே அமைதியில் உறைந்திருக்கிறார்கள். பெரென்சன் தமது முதுமையில் பியரோவைப் பற்றி எழுதிய ஒரு சிறு நூலில் இந்தப் பேசாத தன்மையையே பெரிய கலையின் அடையாளமாகக் கொண்டார். உணர்ச்சியை முகத்தில் கொட்டாத உருவம், இருப்பதாலேயே நம்மை நிறுத்துகிறது என்பது அவர் கருத்து.

போட்டேரோவின் பெரும்பாலான மனிதர்களிடம் இந்த மௌனம் இருக்கிறது. அவர்கள் நடனமாடும்போதும் சிரிப்பதில்லை. குளிக்கும்போதும் குதிரையேறும்போதும் மேசைக்கு முன் தனியே உட்கார்ந்திருக்கும்போதும் நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கிறார்கள். வேடிக்கை அவர்களுக்குத் தெரியாது. நம் சிரிப்பு பிறக்கும் இடம் அதுதான். நகைச்சுவை நடிகர் தாமே சிரித்துவிட்டால் அரங்கத்தின் சிரிப்பு குறைந்துபோவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

வேலை செய்யும் முறையிலும் இந்த அமைதிக்காக அவர் எடுத்துக்கொண்ட சிரமம் தெரிகிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டாத கித்தானைச் சுவரில் அறைந்து தீட்டினார். படத்தின் எல்லையைப் பிறகுதான் முடிவுசெய்தார். மாதிரிக்கு ஆளை நிறுத்தி வரையவில்லை. நிழல் வண்ணத்தை அழுக்காக்குகிறது என்று சொல்லி அதைத் தவிர்த்தார். ஆகவே அவர் படங்களில் ஒளி ஒரு திசையிலிருந்து வந்து விழுவதில்லை, பொருள்களுக்குள்ளிருந்தே கசிவதுபோல எங்கும் சமமாகப் பரவியிருக்கிறது. ஃபிரெஸ்கோவின் பாடம் இது.

அவர் தொடக்கத்திலேயே இங்கு வந்துவிடவில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1961இல் வாங்கிய ‘பன்னிரண்டு வயது மோனலிசா’ 1959இல் தீட்டப்பட்டது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான அந்தக் கித்தானைச் சிறுமியின் தலை நிறைத்துக்கொண்டிருக்கிறது. தூரிகையின் வீச்சுகள் பரபரப்பாக வெளியே தெரிகின்றன. அரூப வெளிப்பாட்டியம் ஆண்டுகொண்டிருந்த காலத்தின் தடம் அது. 1960களின் நடுவில், ரூபென்ஸை எடுத்துக்கொண்டு தீட்டிய நாட்களை ஒட்டி, தூரிகைத் தடங்கள் மெல்ல மறைந்து மேற்பரப்பு வழவழப்பாகிறது. சிலர் இதை வீரியக் குறைவாகக் கண்டார்கள். நான் மாறாகக் கருதுகிறேன். தூரிகை துள்ளும்போது ஓவியர் அங்கே நின்று நமக்குக் கண்காட்டுகிறார். தூரிகை அடங்கிய பிறகு உருவங்கள் தனித்து விடப்படுகின்றன. அவற்றின் கம்பீரம் முழுமையாகிறது, வேடிக்கையும் கூடவே முழுமையாகிறது.

4. ஜனாதிபதியின் குடும்பம்: எள்ளலா, மடனா?

நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே இருக்கும் மற்றொரு படம் இந்த வாதத்தைச் சோதிக்க ஏற்றது. ‘ஜனாதிபதியின் குடும்பம்’, 1967. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். மலைகளைப் பின்னணியாகக் கொண்டு ஒரு குழு புகைப்படத்துக்கு நிற்பதுபோல நிற்கிறது. குடும்பத்தோடு ஓர் ஆயரும் ஓர் இராணுவத் தளபதியும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அரசு, சபை, படை என்ற மூன்றும் ஒரே வீட்டு உறவுகள்போலத் தோளோடு தோள் ஒட்டியிருக்கின்றன. ஒரு பெண்ணின் தோளைச் சுற்றி நரித்தோல். முன்னால் தரையில் ஒரு சிறு பாம்பு. இடப்புறம், பின்னால், ஒரு பெரிய கித்தானுக்கு அருகில் ஓவியர் தாமே நிற்கிறார்.

ஓவியர் நிற்கும் அந்த இடம் யாருடையது என்பதைப் பிராடோவில் நாள்கணக்கில் நகலெடுத்தவர் மறந்திருக்க மாட்டார். 1656இல் ‘லாஸ் மெனினாஸ்’ படத்தில் வெலாஸ்கெஸ் அங்கே நின்றார். 1800ஆம் ஆண்டையொட்டி நான்காம் கார்லோஸ் மன்னரின் குடும்பத்தைத் தீட்டிய கோயா அங்கே நின்றார். கோயாவின் படத்தைப் பற்றி நெடுங்காலமாக ஒரு கருத்து வழங்கிவருகிறது: அவர் அரச குடும்பத்தைக் கேலிசெய்தார், பட்டும் பதக்கமும் போர்த்திய சாதாரண மனிதர்களாக அவர்களைக் காட்டிக்கொடுத்தார் என்பது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. குடும்பம் அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டது. கோயா அரசவை ஓவியராகத் தொடர்ந்தார். கேலி, பார்த்த பிற்காலத்தவரின் கண்ணில் இருந்தது. தீட்டிய கையில் இருந்ததற்குச் சான்றில்லை.

போட்டேரோவுக்கும் இதே வழக்கு உண்டு. ‘ஜனாதிபதியின் குடும்பம்’ அரசியல் அங்கதம் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. பாம்பையும் நரியையும் குறியீடாக எடுத்துக்கொண்டால் அந்த வாசிப்பு எளிதில் நிறைவேறிவிடும். படத்தில் அரசியல் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1971இல் அவர் தீட்டிய இராணுவ ஆட்சிக்குழுவின் ‘அதிகாரபூர்வ உருவப்பட’த்தைச் சுற்றிப் பறக்கும் ஈக்களுக்கு வேறு பொருள் காண்பது கடினம். ஆனால் எள்ளல் என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் படத்தின் பாதி கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

நகையின் வேர்களைப் பிரித்தறிய நமக்குப் பழைய கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையை வைக்கிறது. அது பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளலோடு இளமை, பேதைமை, மடன் என்பவற்றையும் சேர்க்கிறது. எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து நகுவது. மடன் வேறு. தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே ஏற்று, ஏற்றதை விடாமல் பற்றியிருப்பது மடன் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். கொலம்பிய ஓவியத்துக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இந்தப் பகுப்பு ‘அங்கதம்’ என்ற ஒற்றைச் சொல்லைவிடக் கூர்மையாக வேலை செய்கிறது.

தளபதியின் முகத்தில் கொடுமை இல்லை. ஆயரின் முகத்தில் பாசாங்கு இல்லை. கேலிச்சித்திரக்காரராக இருந்தால் ஒருவரின் மூக்கையும் மற்றவரின் பல்லையும் பிடித்திருப்பார். ஆளை ஆளிலிருந்து பிரிப்பதுதான் கேலிச்சித்திரத்தின் வழி. போட்டேரோ எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முகத்தைத் தருகிறார். தாங்கள் மேன்மையானவர்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் நம்பிவிட்டார்கள், நம்பியதை விடாமல் பற்றிக்கொண்டு, மலைகளுக்கு முன்னால் இன்னொரு மலையாக நிற்கிறார்கள். வண்ணமும் அவர்களுக்குத் துணைநிற்கிறது. அங்கியின் செம்மையும் சீருடையின் பச்சையும் எவ்வளவு பரிவோடு தீட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்கும்போது, இகழ்வதற்காக ஒருவர் இத்தனை நாள் இந்தத் துணிகளுக்கு முன்னால் செலவழித்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. ஓவியர் அவர்களுக்குப் பின்னால், அதே வட்ட முகத்தோடு, அவர்களில் ஒருவராகவே நிற்கிறார். எள்ளுபவர் தம்மைக் கூட்டத்துக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்.

வேறுபாட்டைத் தெளிவாக்க, மரபார்ந்த கைத்திறனையும் நகைச்சுவையையும் இணைக்கும் இன்னொரு சமகால ஓவியரைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1962இல் பிறந்த அமெரிக்கரான ஜான் கரின், ஐரோப்பிய மரபின் எண்ணெய் ஓவிய நுட்பங்களை வியக்கத்தக்க அளவில் கைவசப்படுத்தியவர். லண்டன் டேட் சேகரிப்பில் உள்ள அவரது ‘நன்றியறிதல் நாள்’ (2003) படத்தில் மூன்று பெண்கள். அவர்களுக்கு முன்னால் சமைக்காத பெரிய வான்கோழி. ஒருத்தி வாயைத் திறந்திருக்க இன்னொருத்தி கரண்டியை நீட்டுகிறாள். பழைய டச்சுப் படங்களின் மினுமினுப்போடு தீட்டப்பட்ட அந்தக் காட்சியில் சிரிப்பு உண்டு. ஆனால் அது நம்மை அசௌகரியப்படுத்தித் தள்ளி நிறுத்தும் சிரிப்பு. கரினின் கைத்திறன் பொருளுக்கு எதிராக நின்று வேலை செய்கிறது. போட்டேரோவின் கைத்திறன் பொருளின் பக்கம் நிற்கிறது.

5. சூத்திரம் என்ற குற்றச்சாட்டு

மூன்றாவது போக்கை, அதாவது அவர் ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார் என்ற குற்றச்சாட்டை, எளிதாகத் தள்ள முடியாது. நியூயார்க் விமர்சகர்கள் 1960களிலேயே அவரிடம் கடுமையாக நடந்துகொண்டார்கள். உருவ ஓவியமே காலாவதியானது என்று நம்பப்பட்ட சூழலின் பங்கு அதில் இருந்தது. 1963இல் லியனார்டோவின் மோனலிசா மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்த நாட்களில், நவீனக் கலை அருங்காட்சியகம் போட்டேரோவின் சிறுமியைக் காட்சிக்கு வைத்தது. கூட்டம் அவரை அறிந்துகொண்டது, விமர்சகர்கள் மேலும் விலகினார்கள். 1992இல் பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கின் பார்க் அவென்யூவிலும் வெண்கலச் சிற்பங்கள் வரிசையாக நின்ற பிறகு, தெருவில் போகிறவர் பெயர் சொல்லக்கூடிய மிகச்சில ஓவியர்களில் ஒருவரானார். எல்லாருக்கும் பிடித்துப்போனது எப்படி ஆழமானதாக இருக்கும் என்ற சந்தேகம் அவரை இறுதிவரை விடவில்லை.

அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. பிற்காலத்து நடன ஜோடிகளிலும் சர்க்கஸ் தொடரிலும் பல படங்கள் பழக்கத்தால் தீட்டப்பட்டவை. மாண்டலின் துளை அங்கே கண்டுபிடிப்பாக இல்லை, முத்திரையாகிவிட்டது. ஆனால் ஒரு பாணியின் வலிமையை அதன் சோர்ந்த நாட்களை வைத்து மட்டும் அளப்பது சரியல்ல. பியரோவின் உர்பினோ கோமகனையும் கோமகளையும் எடுத்துக்கொண்டு அவர் 1998இல் தீட்டிய இரட்டைப் படத்தைப் பாருங்கள். ஃபிளாரன்ஸின் உஃபீசியில் உள்ள மூலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மீட்டர் உயரமே உள்ள சிறு பலகை. போட்டேரோவின் படங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர். பக்கவாட்டு முகம், சிவப்புத் தொப்பி, பின்னால் விரியும் நிலக்காட்சி எல்லாம் அப்படியே. பார்த்ததும் சிரிக்கிறோம். சற்று நின்று பார்த்தால், பியரோவின் மூலத்திலேயே இந்தத் தலைகள் எவ்வளவு உருண்டவை, எவ்வளவு அசையாதவை என்பது முதன்முறையாக உறைக்கிறது. நகலாக வந்த வேடிக்கை, மூலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. 1958இல், மாந்துவா அரண்மனையில் மாந்தேன்யா தீட்டிய குடும்ப அறையை எடுத்துக்கொண்டு செய்த படத்துக்குக் கொலம்பியாவின் முதல் பரிசு கிடைத்தபோதே அவர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

அவரது பெருந்தன்மையையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டில் கொலம்பிய மக்களுக்கு அவர் கொடுத்த 208 படைப்புகளில் 123 அவருடையவை. மீதி 85 அவர் சேகரித்த பிறரின் படைப்புகள். பொகோட்டாவில் உள்ள போட்டேரோ அருங்காட்சியகம் அவற்றைக் கொண்டு எழுந்தது. தாம் வளர்ந்தபோது இல்லாத ஒன்றை அவர் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

6. சிரிப்பு நின்ற இடங்கள்

சூத்திரம் என்ற குற்றச்சாட்டுக்குச் சரியான பதில், அந்தச் சூத்திரம் சிரிப்பைத் தர மறுத்த இடங்களில்தான் இருக்கிறது. தொல்காப்பியம் நகைக்கு அடுத்ததாக வைப்பது அழுகையை. அது பிறக்கும் களங்களில் இளிவும் இழவும் முதலில் வருகின்றன. பிறரால் இழிவுபடுத்தப்படுவது இளிவு. உரியவரை இழப்பது இழவு. போட்டேரோ இரண்டையும் தீட்டினார்.

2004இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளுக்குச் செய்தவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதைப் பற்றிய இதழியல் அறிக்கைகளைப் படித்த போட்டேரோ, எழுபதைத் தாண்டிய வயதில், அடுத்த பல மாதங்கள் வேறெதையும் தீட்டவில்லை. 2005இல் ரோம் நகரத்தின் பலாத்ஸோ வெனேத்ஸியாவில் அந்தத் தொடர் முதலில் காட்சிக்கு வந்தது. 2007இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதைக் காட்சிக்கு வைத்தது. இவற்றை விற்பதில்லை என்று முடிவுசெய்து, பெரும்பகுதியை அந்தப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அதுவரை போட்டேரோவிடம் இதை எதிர்பார்த்திராத தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ 2006இல் இந்தப் படங்களைப் பற்றி விரிவாக எழுதினார். புகைப்படங்கள் நிகழ்ந்ததைக் காட்டின. இந்த ஓவியங்கள் பட்டவரின் வலிக்குள் நம்மைக் கொண்டுபோகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம்.

என் கேள்விக்கு இந்தத் தொடர் நேரடியான விடை தருகிறது. உடல்கள் அதே பருமனில்தான் இருக்கின்றன. கைகள் பின்னால் கட்டப்பட்டு, கண்கள் மூடப்பட்டு, சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் அதே திரண்ட தோள்கள், அதே கனத்த தொடைகள். யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. துன்புறுத்துபவர் பல படங்களில் சட்டகத்துக்கு வெளியே. உறையணிந்த ஒரு கை, ஒரு காலணி, நாயின் கழுத்து வார் மட்டும் உள்ளே வருகின்றன. மாறியது முகம். ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் மூடியிருந்த வாய் இங்கே திறக்கிறது, பல் தெரிகிறது. பியரோவின் அமைதியை அவர் தெரிந்தே கைவிட்டார். அமைதி போனதும் சிரிப்பும் போயிற்று. பருமன் மட்டும், அடிபடுவதற்கு அவ்வளவு இடமுள்ள சதையாக, மிஞ்சி நிற்கிறது. சிரிப்பு பருமனில் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மெடெயினின் சான் அந்தோனியோ பூங்காவில் 1995 ஜூனில் அவரது வெண்கலப் பறவைக்கு அடியில் வைத்த குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அவரது பருமனிலிருந்து சிரிப்பு இப்படியே விலகிற்று. பிளந்த பறவையை அகற்ற வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். 2000இல் முழுமையான இன்னொரு பறவையைக் கொடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தச் செய்தார். இரண்டும் இன்றும் அங்கே நிற்கின்றன.

இழவு இதற்கெல்லாம் முன்பே, 1974இல் வந்தது. ஸ்பெயினில் நடந்த சாலை விபத்தில் அவருடைய நான்கு வயது மகன் பெத்ரோ இறந்துபோனான். அதே விபத்தில் போட்டேரோவின் வலது கைச் சுண்டுவிரலின் ஒரு பகுதி போயிற்று. அந்தக் கையால் அவர் மகனைத் தீட்டினார். ‘குதிரைமேல் பெத்ரிட்டோ’ இன்று மெடெயினின் அந்தியோக்கியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1977இல் அங்கே மகன் பெயரில் ஓர் அறை திறக்கப்பட்டது. தம் வாழ்நாளின் சிறந்த ஓவியம் இதுவே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

படம் முழுக்க நீலம். நடுவில் பொம்மைக் குதிரையின் மேல் சீருடை அணிந்த குழந்தை, அவருடைய மற்ற மனிதர்களைப் போலவே உருண்டு, அவர்களைப் போலவே அசையாமல், நம்மைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் துயரம் இல்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. இளமையும் பேதைமையும் நகைக்கு உரியவை. வேறொரு நாளில் தீட்டியிருந்தால் இந்தக் குழந்தையைப் பார்த்துச் சிரித்திருப்போம். மாண்டலினுக்கு ஒலித்துளை எப்படியோ, ஜனாதிபதியின் குடும்பத்துக்குப் பாம்பு எப்படியோ, அப்படி இந்தப் படத்திலும் மிகச் சிறிய ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறது. கீழே ஒரு மூலையில் பொம்மை வீடு. அதற்குள்ளிருந்து, விரற்கடை அளவே உள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கறுப்பு உடையில், வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.